பீல் நகரத்தில் பூட்டிய கார்

போன ஒக்ரோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷஸ்ரால் மலையிலிருந்து நோ என்ற கிராமத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். (ஓம், ஊரின் பெயரே ‘நோ’தான். எழுத்தில் வேறுமாதிரி இருக்கும், வாயில் அப்படித்தான் வரும்.) வீதி ஈரம். ஒரு வளைவில் தார் கொஞ்சம் அலை அலையாக இருந்தது. எங்கள் பழைய கமாரோவின் பின் சில்லுகள் இரண்டும் துள்ளத் தொடங்கின. ஒருதரம், இரண்டுதரம், பிறகு கார் தன்பாட்டில் எதிர்ப்பக்கப் பாதையில் பாதி தூரம் வழுக்கிக்கொண்டு போய் நின்றது.

எதிரே ஒருவரும் வரவில்லை. நாலைந்து விநாடி கழித்து ஒரு மோட்டார்சைக்கிள் வந்தது. பின்சீற்றில் இருந்த 12 வயது மகள் ஒரு சத்தமும் போடவில்லை. வீட்டுக்கு வந்து தாயிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

“வித்துப்போடுங்கோ, இல்லாட்டி ஒழுங்காத் திருத்துங்கோ. ரெண்டில ஒண்டு நடக்கும்வரைக்கும் பிள்ளை அதில ஏறாது” என்று மனைவி சொல்லிவிட்டார். அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

எங்களுக்கு ஏன் இப்படி ஒரு கார் என்று நீங்கள் கேட்பீர்கள். சொந்தக்காரரும் அதைத்தான் கேட்டார்கள். வி8 இயந்திரம், நீண்ட மூக்கு, 1968ஆம் ஆண்டு ஷெவர்லே கமாரோ. அப்பா பல வருடம் வேலைசெய்த உணவகத்தின் முதலாளி வைத்திருந்தது. அவருடைய பிள்ளைகளுக்கு அதில் விருப்பமில்லை. கடையை மூடும்போது, “உன்னுடைய மகன் சின்ன வயதில் இதைச் சுற்றிச் சுற்றி வருவான், அவனுக்கே கொடு” என்று அப்பாவிடம் சொல்லி, சந்தை விலையில் பாதிக்கும் குறைவாகத் தந்தார். பெயின்ற் மங்கியிருந்தது. ஆனால் கதவோரத்தில் இருந்த சின்னத் தகட்டைக் கண்டதும் எனக்கு மனம் நின்றுவிட்டது. அந்தக் கார் அமெரிக்காவில் பூட்டினது இல்லை. நாங்கள் இருக்கிற இதே பீல் நகரத்தில் பூட்டினது.

பீல் என்றால் எல்லாருக்கும் மணிக்கூடுதான் நினைவுக்கு வரும். ஒமேகாவும் சுவாட்சும் இங்கேதான். வீதிப் பெயர்கள் எல்லாம் ஜேர்மன், பிரெஞ்சு என்று இரண்டு மொழியில் இருக்கும். கடையில் ஒருவர் ஜேர்மனில் கேட்க மற்றவர் பிரெஞ்சில் பதில் சொல்லுவார், இருவருக்கும் குறை இல்லை. வீட்டில் தமிழும் வெளியில் வேறொன்றும் பேசி வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஊர் ஒத்துப்போகும்.

1930களில் உலகப் பொருளாதாரம் விழுந்தபோது மணிக்கூட்டை நம்பியிருந்த இந்த ஊர் வேலையில்லாமல் தவித்தது. அப்போது நகரத்தை நடத்தியவர்கள் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். ‘சிவப்பு பீல்’ என்றே ஊருக்குப் பெயர். நகரத் தலைவர் கீடோ முல்லர். அந்தச் சிவப்பு நகரம்தான் அமெரிக்காவின் பெரிய முதலாளிக் கம்பனியான ஜெனரல் மோட்டர்ஸை அழைத்து, தொழிற்சாலைக் கட்டடத்தையும் கட்டிக்கொடுத்தது. சனத்துக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான். 1936 பெப்ரவரியில் முதல் கார், ஒரு பியூக், வெளியே வந்தது. 1975இல் மூடும்வரை 3 இலட்சத்துக்கும் கூடுதலான கார்கள் இங்கே பூட்டப்பட்டன. ஓப்பல், வொக்ஸ்ஹோல், ஷெவர்லே என்று பல வகை. பாகங்கள் பெட்டியில் வரும், பூட்டுவதும் பெயின்ற் அடிப்பதும் உள்ளே செய்வதும் இங்கே. ‘மொந்தாஜ் சுவிஸ்’, அதாவது சுவிஸில் பூட்டியது என்று விளம்பரமே செய்தார்கள். ஆர்காவ் மாநிலத்தில் ஷின்ஸ்னாக் என்ற இடத்திலும் ஆமாக் நிறுவனம் 1949 முதல் 1972 வரை பிளைமவுத், டொட்ஜ் கார்களை இதேபோல் பூட்டியது.

ஆகவே காரை விற்கிறது என்றால் ஊரின் ஒரு துண்டை விற்கிறது போல எனக்குத் தோன்றியது. மனைவிக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. கோடைக்கு யாழ்ப்பாணம் போகச் சேர்த்த காசில் கை வைக்கக்கூடாது. காருக்கு 3500 பிராங், அதற்குமேல் ஒரு சதமும் இல்லை என்று பேசி முடித்தோம்.

பழைய அமெரிக்கக் கார்களைத் திருத்தும் ஒரு கராஜில் விலை கேட்டேன். முன்பக்கக் கைகள், வில்லுகள், ஷொக் அப்சோபர் எல்லாம் புதிய வகையாக மாற்றினால் 9000 பிராங் என்றார்கள். அதற்குப் பிறகு அந்த மாற்றத்துக்கெல்லாம் சான்றிதழும் எடுக்கவேண்டும். அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் வந்தபோது அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்துக்கொண்டிருந்தார்.

“இவர் காரைத் திருத்தேல்ல தம்பி. வேற கார் ஒண்டு செய்யப் பாக்கிறார்” என்றார். “உன்ர காருக்கு நோய் ஒண்டுமில்லை. வயசு போட்டுது, அவ்வளவுதான்.”

அப்பா யாழ்ப்பாணத்தில் கராஜில் வேலைசெய்தவர் என்பது எனக்குத் தெரியும். எங்கள் எல்லாருக்கும் தெரிந்த வகையில், அதாவது சொல்லிக் கேட்ட கதையாக. 1986இல் சுவிஸுக்கு வந்தபிறகு அவர் ஒரு ஸ்பனரைத் தொட்டதை நான் கண்டதில்லை. கராஜ் வேலை கேட்டுப் போயிருக்கிறார். பத்திரம் இருக்கோ, மொழி தெரியுமோ என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் புகலிடம் கேட்டு வந்த பலருக்கும் கிடைத்தது உணவகச் சமையலறைதான். அப்பாவுக்கும் அதுதான். முப்பது வருடம் பாத்திரம் கழுவி, மரக்கறி வெட்டி, பிறகு சமைத்து, இளைப்பாறினார்.

“இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை அப்பா?”

“நீ கேக்கேல்லையே.”

அவர் வேலை பழகியது 1970களின் தொடக்கத்தில். இலங்கையில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம். பாகம் வாங்க முடியாது. ஒஸ்ரின் ஏ40 காரின் பின் வில்லுத்தகடு உடைந்தால் கொல்லனிடம் கொண்டுபோய்ச் சூடுகாட்டி வளைத்து எடுப்பார்கள், லொறியின் பழைய தகட்டை வெட்டிச் சேர்ப்பார்கள். பிறகு 1990களில் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோதும் அதே கார்கள் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அப்பா அப்போது இங்கே வந்துவிட்டார். ஆனால் பெரியப்பா அங்கே வாடகைக்கார் ஓட்டியது அப்படித்தான். ‘இல்லாததைக்கொண்டு திருத்துறது’ என்பது எங்கள் குடும்பத்தில் ஒரு பழைய தொழில்.

முதலில் அப்பா ஒரு பாகமும் வாங்க விடவில்லை. ரயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் நாலு இலக்கத்தைப் பார்க்கச் சொன்னார். முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் ஆண்டு. எங்கள் ரயரில் 2211. அதாவது 2011ஆம் ஆண்டின் 22ஆவது கிழமை. பூ நிறைய இருந்தது, பார்க்கப் புதுசுபோல. ஆனால் ரப்பர் மரக்கட்டைபோல இறுகியிருந்தது. “ஈரத்தில வழுக்கினதுக்குப் பாதிக் காரணம் இதுதான்” என்றார். பழைய கார் வைத்திருக்கும் யாராவது இதை வாசித்தால், இன்றைக்கே போய் அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கோ. காசில்லாத வேலை அது.

அடுத்தது, நான் மாநில வீதிப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டது. சுவிஸில் 30 வயதுக்கு மேற்பட்ட காரை ‘வெற்றரன்’ என்று பதியலாம். வாகனப் பத்திரத்தில் 180 என்ற குறியீடு வரும். பரிசோதனை 6 வருடத்துக்கு ஒருதரம்தான். ஆனால் சொந்தப் பாவனைக்கு மட்டும், வருடத்துக்குச் சராசரியாக 2000 முதல் 3000 கிலோமீற்றர் வரை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கார் பிறந்தமாதிரியே இருக்கவேண்டும். காரைப் பதித்து, புதுவகை வில்லுப் பூட்டி, பெரிய சில்லுப் போட்டால் அந்தத் தகுதி போகலாம். பரிசோதனை நிலையத்தின் சான்றும் தேவைப்படும். வேடிக்கை என்னவென்றால் அப்படிச் சான்று கொடுக்கும் பெயர்பெற்ற நிலையம் ஒன்று பீலுக்கு மேலே வோஃப்லன் கிராமத்தில், எங்கள் வீட்டிலிருந்து கால் மணித்தியாலத்தில் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். ஆனால் அங்கே போகத் தேவையில்லாத வழியைத்தான் அப்பா தெரிவுசெய்தார்: தேய்ந்ததை மட்டும் மாற்றுவது, அதே வகையால் மாற்றுவது.

ஒரேயொரு மாற்றம் கேட்டார். எங்கள் காரின் பின்பக்கத்தில் பக்கத்துக்கு ஒரே ஒரு வில்லுத்தகடு. மகளுக்கு அதை விளங்கப்படுத்த அவளுடைய அடிமட்டத்தை எடுத்து ஒரு முனையைப் பிடித்து முறுக்கினார். “பார் குஞ்சு, ஒரு தகடு எண்டால் இப்பிடிப் பாம்பு மாதிரி நெளியும். எஞ்சின் இழுக்கேக்க நெளியும், பிறேக் அடிக்கேக்க நெளியும், பிறகு விடும். அப்பதான் சில்லு துள்ளுறது.” பிறகு மூன்று அடிமட்டங்களை ரப்பர் வளையத்தால் கட்டிக் காட்டினார். “இது நெளியாது. தகடுக்கும் தகடுக்கும் உரசலும் இருக்கும், அது ஆட்டத்தைக் குறைக்கும்.” இந்தத் துள்ளலைக் குறைக்கத்தான் 1968இல் ஷெவர்லே பின் ஷொக் இரண்டையும் ஒன்று அச்சுக்கு முன்னும் மற்றது பின்னுமாக வைத்தது, பலம் கூடிய மொடல்களுக்குப் பல தகட்டு வில்லும் கொடுத்தது. அதே ஆண்டு, அதே காருக்கு வந்த பாகம். அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டோம். அந்தக் காலத்து அசல் வகை என்றால் பிரச்சினை இல்லை என்றார்கள். வாங்க முன்னம் கேட்பது நல்லது. வாங்கின பிறகு கேட்பது செலவு.

வேலை செய்ய இடம் வேண்டும். மாடிக்குடியிருப்பின் கீழ்த்தரிப்பிடத்தில் சுத்தியல் அடித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மத்தியானம் 12 முதல் 1 வரை ஓய்வு, ஞாயிறு முழுவதும் ஓய்வு. ஆகவே தூக்கியோடு வாடகைக்குக் கிடைக்கும் ஒரு பட்டறையை மார்ச்சில் மூன்று சனிக்கிழமை எடுத்தோம்.

இங்கே இன்னொரு சண்டை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம். “சோதினை வருது. தமிழை விட்டிட்டு கராஜுக்கோ?” என்றார் மனைவி. கடைசியில் அப்பாதான் தீர்த்துவைத்தார்: காலை வகுப்பு, பின்னேரம் பட்டறை, கேட்கிற ஒவ்வொரு புதுத் தமிழ்ச்சொல்லையும் கொப்பியில் எழுதவேண்டும்.

முதல் சனி, முன்பக்கத்தைக் கழட்டினோம். சுருள் வில்லை எடுப்பதுதான் ஆபத்தான இடம். அமுக்கிப் பிடித்திருக்கும் வில்லு விடுபட்டால் குண்டுதான். அப்பா கீழ்க்கைக்கு அடியில் ஜக் வைத்து, வில்லைச் சங்கிலியால் காரோடு கட்டி, வில்லை அமுக்கும் கருவியும் போட்டு, எங்கள் இருவரையும் சுவரோரம் அனுப்பிவிட்டுத்தான் தொடங்கினார். “ஊரில என்னோட நிண்ட பெடியன் ஒருத்தனுக்குக் கைவிரல் ரெண்டு போனது” என்று மட்டும் சொன்னார். பழைய புஷ்களின் ரப்பர் விரலால் தொட உதிர்ந்தது. போல் ஜொயின்ற் ஒன்று கையால் ஆட்டவே ஆடியது. அதோடுதான் நான் பிள்ளையை ஏற்றிக்கொண்டு மலையிறங்கியிருக்கிறேன். அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை.

இரண்டாவது சனி புதிய புஷ்களைப் பூட்டினோம். இணையத்தில் எல்லாரும் கடினமான பொலியுரேதேன் போடச் சொல்கிறார்கள் என்றேன். அப்பா வேண்டாம் என்றார். வில்லுத்தகட்டின் கண் முறுகவேண்டும், கடினமானதைப் போட்டால் பிடித்துக்கொள்ளும், கிறீச்சென்று கத்தும், ரப்பரே காணும். நான் எல்லா நட்டையும் இறுக்கப்போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இப்ப இறுக்காதை. கார் அந்தரத்தில நிக்குது. இப்ப இறுக்கினால் நிலத்தில வைக்கேக்க ரப்பர் முறுகின நிலையிலயே இருக்கும், ஒரு வருசத்தில கிழியும். முதல்ல சில்லில நிக்க விடு. தன்ர பாரத்தைத் தான் தாங்கட்டும். அதுக்குப் பிறகு இறுக்கு.”

மூன்றாவது சனி பின் வில்லுகளும் நாலு ஷொக்கும். பிறகு சில்லுக் கோணம் பார்க்க ஒரு இடத்தில் விட்டோம். 1968இன் அளவுகள் அந்தக் காலத்து ரயருக்கு எழுதினவை. இன்றைய ரேடியல் ரயருக்கு முன்சில்லின் சாய்வைக் கொஞ்சம் மாற்றவேண்டும். மேல்கை பூட்டுகிற இடத்தில் மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்தால் அது சரிவரும். புதுப் பாகம் ஒன்றும் தேவையில்லை. கார் நேராக ஓடுகிற உணர்வில் பெரிய வித்தியாசம் தந்தது இந்த வேலைதான்.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: ரயர் 720, புஷ் 310, போல் ஜொயின்றும் ஸ்டியரிங் முனைகளும் 380, ஷொக் 460, பின் வில்லு 490, கோணம் 190, பட்டறை வாடகை 360, அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கூலியும் வரியும் 340. மொத்தம் 3250 பிராங். மிச்சம் 250. அப்பாவின் கூலி இதில் இல்லை.

மே மாதம் பரிசோதனை. அப்பாவும் வந்தார். இளம் பரிசோதகர் காரைத் தூக்கி, முன்சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். நெம்புகோலால் ஒவ்வொரு புஷ்ஷாகப் பார்த்தார். கனநேரம் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் ஜேர்மனில் கேட்டார், எந்தக் கராஜ் செய்தது என்று.

நான் வாய் திறக்க முன்னமே, “இஹ்” என்றார் அப்பா. நான்.

பரிசோதகர் திரும்பி அவரைப் பார்த்தார். “சுத்தமான வேலை” என்றார். முத்திரை குத்தித் தந்தார். 1986இல் கேட்ட பத்திரத்துக்கு ஏதோ ஒரு பதில்போல எனக்கு இருந்தது. அப்பாவுக்கு எப்படி இருந்ததோ தெரியாது. வெளியே வந்ததும், “பசிக்குது, எங்கையாவது சாப்பிடுவம்” என்றுதான் சொன்னார். மிச்சம் 250இல் சாப்பிட்டோம்.

ஜூனில் அதே வழியால் போனோம், இந்தமுறை மனைவியும். நீங்களும் பிள்ளைகளோடு போகலாம், பழைய கார் தேவையில்லை. பீலிலிருந்து டவ்பென்லோக் என்ற ஒடுங்கிய பள்ளத்தாக்கை ஒட்டி ஏறினால் ஃப்ரன்வில்லியே. அந்தப் பள்ளத்தாக்குக்குள் ஆற்றோரமாக நடைபாதை இருக்கிறது, சின்னப் பிள்ளைகளும் நடக்கலாம். அங்கிருந்து ஒர்வன், லம்புவான், டியெஸ் என்று மேட்டுநிலக் கிராமங்கள், பிறகு நோ, அதற்குமேல் ஷஸ்ரால். உச்சி 1600 மீற்றருக்குக் கொஞ்சம் மேலே. வானம் வெளித்திருந்தால் கீழே பீல் ஏரி, எதிரே ஐகர், மொங்க், யுங்ஃபிராவ் வரிசையாக நிற்கும். மலைவீதி குளிர்காலத்தில் மூடியிருக்கும், பார்த்துவிட்டுப் போங்கோ. மற்றப்பக்கம் இறங்கினால் மணிக்கூட்டுக்குப் பெயர்போன செங்திமியே.

இறங்கும்போது அந்த வளைவு வந்தது. அதே அலைத்தார். மனைவியின் கை கதவுப் பிடியில் இருந்தது. கார் ஒருதரம் அமர்ந்து எழும்பியது, பிறகு பேசாமல் போனது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது போதும்.

பின்சீற்றில் மகளும் அப்பாவும். அவளுடைய கொப்பியில் இப்போது 43 சொல் இருக்கிறது. சில்லு, அச்சு, முறுக்கு, கழட்டு, பூட்டு, நெம்பு, தேய்மானம். தமிழ்ப் பள்ளி ஆசிரியை பாதிச் சொல்லைத் தனக்கே தெரியாது என்று சிரித்தாராம்.

“அப்பப்பா, ‘தன்ர பாரத்தைத் தான் தாங்கட்டும்’ எண்டு சொன்னீங்கள், அதுக்கு ஒரு சொல் இருக்கோ?” என்று கேட்டாள்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். “இல்லைப் பிள்ளை. அதை அப்பிடியே எழுது” என்றார்.